10 ஜியிலிருந்து 25 ஜி, 100 ஜிக்கு: டிரான்சீவர் வாங்கும் முன் ஃபைபரைப் பாருங்கள்

புது சுவிட்ச் வந்து இறங்கிவிட்டது. சர்வர் பக்கம் 10 ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) போர்ட்டுகள் 25 ஜி ஆகப்போகின்றன, மற்ற சுவிட்சுகளுக்குப் போகும் 40 ஜி அப்லிங்க்குகள் 100 ஜி ஆகப்போகின்றன. டேட்டா சென்டர்களில் பரவலாக நடக்கும் மேம்பாடு இது. எந்த சுவிட்ச் என்று முடிவெடுக்க மாதக்கணக்கில் பேசியிருப்பார்கள். டிரான்சீவர் மட்டும் கடைசி வாரத்தில், கொள்முதல் பட்டியலின் கடைசி வரியில் "100 ஜி மாட்யூல், 64 எண்ணம்" என்று ஏறும். வேலை இழுத்தடிக்கும் இடம் பெரும்பாலும் அந்த வரிதான்.

டிரான்சீவர் என்பது விரல் நீளத்தில் இருக்கும் மாட்யூல். சுவிட்சின் மின் சிக்னலை ஒளியாக்கி ஃபைபரில் அனுப்பும். வருகிற ஒளியை மறுபடி மின் சிக்னலாக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காக, நான் பின்பற்றும் வரிசையை எழுதுகிறேன். கேட்லாக்கை நான் கடைசியில்தான் திறப்பேன்.

படி 1: ஏற்கெனவே போட்டிருக்கும் ஃபைபர் என்ன?

ரேக்குக்குப் பின்னால் போய்க் கேபிளின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் சிங்கிள்மோட் (நீண்ட தூரத்துக்கான ஃபைபர்), பெரும்பாலும் ஓஎஸ்2 என்ற தரம். மற்ற நிறங்கள் மல்டிமோட் (குறுகிய தூரத்துக்கான ஃபைபர்): வெளிர்நீலப்பச்சை என்றால் ஓஎம்3 அல்லது ஓஎம்4 தரம். ஊதா கலந்த இளஞ்சிவப்பு என்றால் ஓஎம்4. ஆரஞ்சு என்றால் பழைய ஓஎம்1 அல்லது ஓஎம்2. அதை நம்பி 100 ஜி திட்டம் போடாதீர்கள். நிறத்தோடு நிறுத்தாமல், கேபிள் உறையில் அச்சடித்திருப்பதையும் படியுங்கள். ஓஎம்3, ஓஎம்4 இரண்டும் ஒரே நிறத்தில் வரும், ஆனால் எட்டும் தூரம் வேறு.

அடுத்து நீளம். பேனலிலிருந்து (கேபிள்கள் வந்து சேரும் இணைப்புப் பலகை) பேனலுக்கு ஓடும் டிரங்க் என்ற நிலையான கேபிள் மட்டுமல்ல, இரண்டு பக்கமும் செருகும் பேட்ச் கார்டு என்ற சிறு கேபிள்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கடைசி வரிசை ரேக்குகளுக்கு ஓஎம்3 டிரங்க் 85 மீட்டர், பேட்ச் கார்டு இரு பக்கமும் ஐந்தைந்து மீட்டர். மொத்தம் 95. குறுகிய தூரத்துக்கான, நான்கு இணைப் பாதைகளில் அனுப்பும் 40 ஜி எஸ்ஆர்4 மாட்யூலுக்கு ஓஎம்3-இல் 100 மீட்டர் வரை அனுமதி உண்டு என்பதால் வருடக்கணக்கில் எந்தப் பிரச்சினையும் இல்லை. "அதே எம்பிஓ கேபிள், அதே எஸ்ஆர்4, வேகம் மட்டும்தானே கூடுகிறது" என்று 100 ஜி எஸ்ஆர்4 வாங்கினோம். 100 ஜி எஸ்ஆர்4-க்கு ஓஎம்3-இல் எல்லை 70 மீட்டர், ஓஎம்4-இல் 100 மீட்டர். முன் வரிசைகளில் எல்லா லிங்க்கும் சுத்தமாக வந்தன. கடைசி வரிசையிலும் லிங்க் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. பிழை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த வரிசைக்கு மட்டும் சிங்கிள்மோட் இழுத்து, வேறு மாட்யூல் போட வேண்டியதாயிற்று. ஒரு டேப்பும் அரை மணி நேரமும் இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

மூன்றாவது, கேபிள் முனை. இரண்டு இழைகளுக்கான எல்சி கனெக்டரா, பன்னிரண்டு இழைகளை ஒரே தலையில் சேர்த்த எம்பிஓவா என்று குறித்துக்கொள்ளுங்கள். வழியில் எத்தனை பேனல் குறுக்கே வருகிறது என்பதையும் எழுதுங்கள். 100 ஜி எஸ்ஆர்4-க்கு ஓஎம்4-இல் மொத்தமாக அனுமதிக்கும் ஒளி இழப்பு 1.9 டெசிபெல், அதில் இணைப்புகளுக்கு 1.5 டெசிபெல்தான். ஓர் இணைப்புக்கு 0.5 என்று வைத்தால் மூன்றோடு முடிந்தது. நான்காவது பேனல் இருந்தால், குறைந்த இழப்புள்ள கனெக்டர்கள் வேண்டும்.

படி 2: போர்ட் எது?

மாட்யூலும் அது செருகும் போர்ட்டும் வேகத்துக்கு ஒரு பெயரில் வரும்: 10 ஜிக்கு எஸ்எஃப்பி பிளஸ், 25 ஜிக்கு எஸ்எஃப்பி28. இரண்டும் ஒரே அளவு. 40 ஜிக்கு க்யூஎஸ்எஃப்பி பிளஸ், 100 ஜிக்கு க்யூஎஸ்எஃப்பி28. இவையும் தங்களுக்குள் ஒரே அளவு. அதனால் புது சுவிட்சின் வேகமான போர்ட்டில் பழைய மாட்யூலைச் செருகி, பழைய வேகத்திலேயே ஓட்ட முடியும். ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கையேட்டில் பாருங்கள்: பல சுவிட்சுகளில் 25 ஜி போர்ட்டுகள் நான்கு நான்காகச் சேர்ந்திருக்கும், அந்த நான்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். அதில் ஒன்றை 10 ஜியில் விட்டால் மற்ற மூன்றும் 10 ஜிதான்.

படி 3: தூரத்துக்கு ஏற்ற வகை

ஒரே ரேக்குக்குள், மூன்று மீட்டருக்குள் என்றால் ஆப்டிக்கல் மாட்யூலே வேண்டாம். இரு முனையிலும் பிளக் பொருத்தி வரும் டிஏசி என்ற செம்புக் கேபிள் போதும். விலை குறைவு, மின்சாரம் கிட்டத்தட்டச் செலவில்லை, தூசியால் கெடுவதும் இல்லை. சர்வரிலிருந்து ரேக் உச்சியில் உள்ள சுவிட்சுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ரேக்கைத் தாண்டி, மல்டிமோட் ஃபைபர் இருந்து, தூரமும் எல்லைக்குள் இருந்தால் எஸ்ஆர் வகை. 25 ஜி எஸ்ஆர் எல்சி முனையில் ஓடும்; ஓஎம்3-இல் 70, ஓஎம்4-இல் 100 மீட்டர். 10 ஜி எஸ்ஆருக்கு ஓஎம்3-இல் 300 மீட்டர் எட்டியதை நினைத்துக்கொண்டு அதே கேபிளில் 25 ஜி போட நினைப்பவர்கள் இங்கே நின்று ஒருமுறை அளக்க வேண்டும். 100 ஜி எஸ்ஆர்4-க்கு எம்பிஓ வேண்டும். உங்களிடம் எல்சி மல்டிமோட் மட்டும்தான் இருக்கிறது, புதிதாக இழுக்க வழியில்லை என்றால், இரண்டே இழைகளில் 100 ஜி ஓட்டும் பைடி மாட்யூல் உண்டு. விலை கூடுதல், ஆனால் கூரைக்கு மேல் ஏறிக் கேபிள் இழுக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

சிங்கிள்மோட் என்றால் சிடபிள்யூடிஎம்4 இரண்டு கிலோமீட்டர் வரை, எல்ஆர்4 பத்து கிலோமீட்டர் வரை. இரண்டும் எல்சி, இரண்டும் நான்கு அலைநீளங்களை ஒரே இழையில் அனுப்புபவை, வெளியே பார்த்தால் லேபிள்தான் வித்தியாசம். ஆனால் ஒன்றோடு ஒன்று பேசாது. சிடபிள்யூடிஎம்4-இன் அலைநீளங்கள் 1271, 1291, 1311, 1331 நானோமீட்டர். எல்ஆர்4-இன் நான்கும் 1295-க்கும் 1310-க்கும் நடுவே நெருக்கமாக இருக்கும். ஒரு முனைக்கு ஒருவரும் மறுமுனைக்கு வேறொருவரும் ஆர்டர் போட்டால் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும். இரண்டு முனைக்கும் ஒரே வரியில் ஆர்டர் போடுங்கள்.

இன்னொன்று: 100 ஜி போர்ட் ஒன்றை நான்கு 25 ஜியாகப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் எஸ்ஆர்4 போன்ற இணை இழை மாட்யூல்தான் உதவும். சிடபிள்யூடிஎம்4, எல்ஆர்4 இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியாது.

படி 4: எம்பிஓ என்றால் இரண்டு கேள்வி

ஊசி உண்டா, இல்லையா? மாட்யூலுக்குள் ஊசி இருக்கும், எனவே அதில் செருகும் கேபிள் முனையில் ஊசி இருக்கக் கூடாது. ஊசியோடு ஊசி மோதினால் மாட்யூலே பாழ். இழைகளின் வரிசை நேரா, தலைகீழா? இரண்டு எஸ்ஆர்4 மாட்யூல்களை ஒரே கேபிளால் நேரடியாக இணைக்க டைப் பி என்ற தலைகீழ் வரிசை வேண்டும். அதில்தான் ஒரு பக்கத்து அனுப்பும் இழை மறுபக்கத்தில் வாங்கும் இழையாகப் போய்ச் சேரும்.

படி 5: ஃபெக்கும் சுவிட்ச் ஒத்துழைப்பும்

வேகம் கூடக் கூடப் பிழை வருவது இயல்பு. அதை அங்கேயே திருத்தும் ஏற்பாடுதான் ஃபெக். 10 ஜியில் இதைப் பற்றிக் கவலையே இருந்திருக்காது. 25 ஜி எஸ்ஆர், 100 ஜி எஸ்ஆர்4, சிடபிள்யூடிஎம்4 மூன்றுக்கும் ஆர்எஸ்-ஃபெக் என்ற வகை தேவை. 100 ஜி எல்ஆர்4-க்குத் தேவையில்லை. ஒரு முனையில் போட்டு மறுமுனையில் விட்டால் லிங்க் எழவே எழாது. சுவிட்சும் சர்வர் கார்டும் வேறு வேறு நிறுவனத்துடையவை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மாட்யூலைக் கழற்றி மாற்றி மாற்றிச் செருகி ஒரு நாளை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாட்யூலுக்குள் ஒரு சிறு நினைவகம் உண்டு, அதில் தயாரிப்பாளர் விவரம் இருக்கும். சில சுவிட்சுகள் அதைப் படித்து, தங்கள் பட்டியலில் இல்லாததை ஏற்க மறுக்கும். வெளி நிறுவன மாட்யூல் வாங்குவதில் தவறில்லை, நானும் வாங்குகிறேன். உங்கள் சுவிட்ச் மாடலைச் சொல்லி, அதற்கான கோடிங்கோடு தரச்சொல்லிக் கேளுங்கள்.

மின்சாரம், சூடு பற்றி இந்த வேகத்தில் பெரிய கவலை இல்லை. க்யூஎஸ்எஃப்பி28 பெரும்பாலும் சில வாட்டுகளோடு நின்றுவிடும். 400 ஜிக்குப் போகும்போது ஒரு மாட்யூலே பத்து வாட்டைத் தாண்டலாம், அப்போது இதற்குத் தனியாக உட்காருங்கள்.

படி 6: இரண்டை மட்டும் வாங்கிச் சோதியுங்கள்

முழு ஆர்டருக்கு முன், இருப்பதிலேயே நீளமான, அதிகப் பேனல் தாண்டும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஓடினால் எங்கேயும் ஓடும்.

செருகும் முன் சுத்தம் செய்யுங்கள். சிங்கிள்மோட் இழையில் ஒளி ஓடும் வட்டம் சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கனெக்டரைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் ஃபைபர் ஸ்கோப் இருந்தால் ஒரு தடவை பாருங்கள்: பையிலிருந்து அப்போதுதான் பிரித்த புது பேட்ச் கார்டிலும் நடுவட்டத்தின் மேல் கருப்பாக ஒரு துகள் உட்கார்ந்திருக்கும். பேனா வடிவ கிளீனரை வைத்து 'கிளிக்' என்று ஓர் அழுத்து. மறுபடி பார்த்தால் வட்டம் வெள்ளையாக இருக்கும். கேபிள் முனை, பேனல், மாட்யூலின் வாய், மூன்றையும் துடைக்க வேண்டும். கண்ணை மட்டும் எந்த முனைக்கும் நேரே கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

லிங்க் வந்தபின் சுவிட்சில் டிரான்சீவர் விவரத்தைக் கேளுங்கள். 100 ஜி மாட்யூல் நான்கு லேன்களுக்கும் (தலா 25 ஜி சுமக்கும் பாதைகள்) வாங்கும் ஒளி அளவைத் தனித்தனியாகக் காட்டும். எஸ்ஆர்4-இல் ஒரு லேன் மட்டும் மற்றவற்றைவிட மூன்று டெசிபெல் கீழே இருந்தால், எம்பிஓவில் அந்த ஒரு இழையின் முகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிடபிள்யூடிஎம்4-இல் நான்கு லேனும் ஒரே இழையில் வருவதால், அழுக்கு என்றால் நான்கும் சேர்ந்து இறங்கும். ஒன்று மட்டும் இறங்கினால் மாட்யூலைச் சந்தேகப்படுங்கள்.

ஃபெக் திருத்த முடியாமல் விட்ட பிழைகளின் எண்ணிக்கையை ஒருநாள் முழுக்கக் கவனியுங்கள். அது பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். நின்றால் மீதி 62 மாட்யூலுக்கு ஆர்டர் போடுங்கள், கூடவே உதிரியாக இரண்டு. முதல் நாள் எடுத்த ஒளி அளவுகளைப் போர்ட் எண்ணோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு லிங்க் தடுமாறும்போது ஒப்பிட அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.