காத்திருக்கும் பெஞ்ச்: ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் ஆள் சேர்ப்பது எப்படி

பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு பேட்மிண்டன் கூட்டத்தை நடத்திவருகிறேன். மாதம் ஒரு ஞாயிறு மாலை பாட்டுக் கேட்கிற கூட்டமும் உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்றைத் தொடங்கி மண்ணைக் கவ்வினேன். எனக்குப் பிடித்த ஒரு பாடகரின் ரசிகர்களுக்காக வாட்ஸ்அப் குழு. முதல் வாரத்திலேயே அறுபத்திரண்டு பேர். காலையில் வணக்கம், ராத்திரியில் 'இப்படியொரு குரல் இனி பிறக்குமா' வகையறா. ஆறு மாதம் கழித்து, "வாங்க, ஒருநாள் நேரில் உட்கார்ந்து கேட்போம்" என்று எழுதினேன். முப்பது கட்டைவிரல் உயர்ந்தது. வந்தது இரண்டு பேர். அதில் ஒருவன் என் தம்பி.

ஒரே பாட்டு பிடிக்கும், ஒரே ஆட்டம் பிடிக்கும் என்பதெல்லாம் ஆளை வாசல்வரை கூட்டிவரும், அவ்வளவுதான். வந்தவர் அடுத்த வாரமும் வர என்ன செய்யவேண்டும் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது கோர்ட் ஓரத்தில் கிடந்த ஒரு மர பெஞ்ச்.

எட்டுப் பேர், ஒரே கோர்ட். நான்கு பேர் ஆடினால் நான்கு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். இது பெரிய குறை என்று நினைத்து இரண்டாவது கோர்ட்டும் எடுத்தேன். எட்டுப் பேரும் இடைவிடாமல் ஆடினார்கள், வேர்த்தார்கள், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டே மாதத்தில் மூன்று பேர் நின்றுபோனார்கள். சண்டையில்லை, புகாரில்லை. மறுபடி ஒரு கோர்ட்டுக்கே வந்தேன்; நின்றவர்களில் இரண்டு பேர் திரும்பினார்கள். அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் ஒருவர் தன் அப்பாவின் ஆபரேஷன் பற்றிச் சொல்லியிருந்தார். இன்னொருவர் ஒரு பையனுக்குப் பேட்டின் கைப்பிடியில் கிரிப் சுற்றக் கற்றுக்கொடுத்திருந்தார். கைக்காசு போட்டு அந்தப் பெஞ்சை நான் காலி செய்திருக்கிறேன்!

ஆகவே முதல் வேலை, இடத்தைக் கொஞ்சம் பற்றாக்குறையாகவே வைப்பது. ஒரு கோர்ட்டுக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர். 21 புள்ளிவரை ஆடினால் உட்கார்ந்திருப்பவர் போனை எடுத்துவிடுவார், 15-இல் நிறுத்துங்கள். ஓட்டக் கூட்டத்துக்குப் பெஞ்ச் கிடையாது. கடைசி ஆள் ஓடிவந்து சேரும்வரை யாரும் கிளம்பக்கூடாது என்று வைத்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிஷம் பெஞ்சுக்குச் சமம்.

கிழமையை நீங்களே முடிவுசெய்யுங்கள். "எந்த நாள் எல்லாருக்கும் வசதி?" என்று கேட்டால், அப்படியொரு நாளே கிடையாது என்பது மட்டும் தெரியவரும். ஒருமுறை வைத்த நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இரண்டே பேர் வந்தாலும் நடத்துங்கள். இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பார்க்ரன் ஓட்டம், 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கியதுதான். அதே கிழமை, அதே 5 கிலோமீட்டர், நேரம் குறிப்பதிலிருந்து எல்லாம் வந்தவர்களில் சிலரே மாறிமாறிச் செய்கிற வேலை. இதில் நமக்கு எட்டாதது எதுவுமில்லை.

பொறுமைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேலும் பிடிக்கிறது என்று கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வாரம் இரண்டு மணி என்றால் முதலாவதற்கே அரை வருஷம், அடுத்ததற்கு இரண்டு வருஷம். மூன்றாம் வாரமே "யாரும் ஒட்டவில்லையே" என்று புலம்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வது.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. பெரும்பாலான ஆட்டக் கூட்டங்கள் உடைவது இங்கேதான். விட்டுவிட்டால் நன்றாக ஆடுகிறவர்கள் நால்வரும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் முறை: அந்தச் சுற்றில் இறங்கும் நால்வரும் பேட்டைத் தரையில் குவியலாகப் போடவேண்டும். பெஞ்சில் இருக்கும் ஒருவர் கண்ணை மூடி இரண்டை எடுத்து வலைக்கு அந்தப் பக்கம் வைப்பார். மிச்சம் இரண்டு இந்தப் பக்கம். மறுபேச்சு கிடையாது. ஓங்கி அடிப்பதில் கெட்டிக்காரரான எங்கள் ஸ்மாஷ் மன்னர், சேர்ந்து மூன்றே வாரமான ஓர் அம்மா தனக்கு ஜோடியாக விழுந்தபோது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நாலைந்து புள்ளி போனதும், "நீங்க முன்னாடி நில்லுங்க, பின்னாடி வர்றதை நான் பார்த்துக்கறேன்" என்றார். தோற்றார்கள். ஆனால் அடுத்த வாரம் அந்த அம்மா சர்வீஸ் போடும் இடத்தில் அவர் நின்று கையைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் பந்தயம் கட்டியிருக்கமாட்டேன்.

புதிதாக வந்தவருக்கு இரண்டாம் வாரமே ஒரு வேலை கொடுங்கள். காக் டப்பா, அதாவது இறகுப்பந்து டப்பா, எடுத்துவருவது போதும். டப்பா தன்னிடம் இருக்கிறது என்றால் காலை ஐந்தரைக்கு மெத்தை அவரைப் பிடித்து இழுக்காது. பொறுப்பை எல்லாம் தலையில் சுமக்கும் அமைப்பாளர் ஒரு காய்ச்சலில் படுத்தால் கூட்டமும் சேர்ந்து படுத்துவிடும், எனக்கு நடந்தது.

பாட்டுக்கு வருகிறேன். கேட்கிற கூட்டத்தில் பெஞ்ச் என்பது ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதை வைக்காவிட்டால் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கும், ஆட்கள் பேசாமலேயே வீடுபோய்ச் சேருவார்கள். எங்கள் ஏற்பாடு: ஆளுக்கு ஒரே பாட்டு. யார் கொண்டுவந்தது, யார் பாடியது, எதுவும் சொல்லாமல் போடவேண்டும். ஓடும்போது பேச்சு கூடாது. முடிந்ததும் மற்றவர்கள் பேசுவார்கள். கொண்டுவந்தவர் கடைசியில்தான் வாய்திறக்கலாம். எட்டுப் பேர், பாட்டுக்கு ஐந்து நிமிஷம், பேச்சுக்கு ஐந்து: எண்பது நிமிஷத்தில் முடிந்துவிடும். பெயரை மறைப்பதால் 'அந்தக் காலத்துப் பாட்டு', 'இந்தக் காலத்து இரைச்சல்' என்கிற பஞ்சாயத்துக்கு வழியில்லை. ஒரு கல்லூரிப் பெண் போட்ட பாட்டை, "எழுபதுகளில் வந்ததுதானே?" என்று எங்களில் மூத்தவர் உருகி உருகிப் பாராட்டினார். அது போன மாதம் வெளிவந்தது. அவள் கடைசியில் வாய்திறந்தபோது அவர் முகம் போன போக்கை இன்றுவரை நடித்துக்காட்டுகிறோம். ஒரு கூட்டத்துக்குச் சொந்தக் கதை இப்படித்தான் சேரும்.

பாடுகிற கூட்டம் என்றால் சூடு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பாட்டு வகுப்புக்காரர்களையும், கைவினை, எழுத்து வகுப்புக்காரர்களையும் ஏழு மாதம் கவனித்து 2015-இல் எழுதினார்கள். தொடக்கத்தில் பாடியவர்கள் வேகமாக நெருங்கினார்கள். முடிவில் எல்லா வகுப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டன. அங்கேயே படகுக்காரர்களை வைத்து 2010-இல் வந்த இன்னோர் ஆய்வில், சேர்ந்து துடுப்பு வலித்தவர்கள் தனியாக வலித்தபோது தாங்கியதைவிட அதிக வலி தாங்கினார்கள்; சேர்ந்து செய்வதற்கே ஒரு தெம்பு உண்டு. (வலித்தலுக்கும் வலிக்கும் தமிழில் ஒரே சொல் வாய்த்தது தற்செயல்தானா என்று பெஞ்சில் ஒருநாள் பேசியிருக்கிறோம்.) பாட விரும்பினால் ஒன்று மட்டும்: ஒலிப்பதிவில் இருக்கும் சுருதியிலேயே ஆரம்பிக்காதீர்கள். ஒரு கட்டை, இரண்டு கட்டை இறக்குங்கள். உச்சத்தில் குரல் உடைந்து மானம் போனவர் மறுமுறை வரமாட்டார்.

கடைசியாகச் சொல்லவேண்டியது சொல்லைப் பற்றி. தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. "நாங்க இங்க இப்படித்தான் ஆடுவோம்" என்று யாராவது புதியவரிடம் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்துவேன். கொஞ்சம் பள்ளிக்கூட வாத்தியார்த்தனம்தான், பரவாயில்லை. வட்டத்தை எவ்வளவு பெரிதாக வரைகிறோம் என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2005-இல் வெளியானது. வழியில் ஒருவர் தடுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு துடிப்பார். தங்கள் அணிச் சட்டை போட்டிருந்தால் ஓடிப்போய் உதவியவர்கள், பரம எதிரி லிவர்பூல் சட்டைக்கு அவ்வளவாக அசையவில்லை. ஆனால் முன்கூட்டியே அவர்களைக் கால்பந்து ரசிகர்கள் என்ற முறையில் யோசிக்கவைத்தபோது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் உதவினார்கள். சாதாரணச் சட்டைக்காரர் அப்போதும் பாவம், தரையில்தான். ஆகவே கூட்டத்துக்கு ஓர் அணியின் பெயரையோ பாடகரின் பெயரையோ வைக்காதீர்கள். எங்களுடையதற்கு 'சனி ஆறு மணி' என்றுதான் பெயர். பேட் பிடிக்கவே தெரியாத ஒருவர் இரண்டு வருஷமாகப் புள்ளி எண்ண வருகிறார்.

ஆட்கள் பன்னிரண்டைத் தாண்டினால் பெஞ்சில் நெரிசல். ஆளுக்கு இரண்டு ஆட்டம்கூடத் தேறாது. அப்போது இரண்டாகப் பிரியுங்கள். புதியவர்களை மட்டும் தனியே அனுப்பாமல், பழையவர்களில் இரண்டு பேரைக் கூட அனுப்புங்கள். நாங்கள் போன வருஷம் பிரித்தோம். அந்த ஸ்மாஷ் மன்னர்தான் செவ்வாய்க் கூட்டத்தை நடத்துகிறார். ஒரு கோர்ட் போதாது, இன்னொன்று எடுக்கலாமா என்று நேற்று கேட்டார். வேண்டாம் என்றேன்.