ஓடும் எஞ்சினில் பற்றரி வயரைக் கழற்றாதீர்கள்

போன கிழமை கிளிநொச்சியில் நான் வாகனம் திருத்தும் கொட்டிலுக்கு ஒரு வான் வந்தது. சிவப்பு பற்றரி லைற் அணையாமல் எரிகிறது என்றார் சாரதி. நான் வோல்ற் மீற்றரை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், மூன்று மாதமாக என்னிடம் வேலை பழகும் தம்பி எஞ்சினை ஸ்ராட் செய்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பானரோடு பற்றரிக்கு மேல் குனிந்து நிற்கிறான். "நெகற்றிவைக் கழற்றிப் பார்ப்பம் பாஸ். எஞ்சின் நிண்டால் ஓல்ரனேற்றர் பழுது" என்றான். எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கி பற்றரிக்குச் சார்ஜ் கொடுப்பதுதான் ஓல்ரனேற்றர். அவன் கையைப் பிடித்து இழுத்தேன். பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் நின்றேன். அன்று என் கையைப் பிடிக்க ஆள் இருக்கவில்லை.

பிளஸ், மைனஸ் மாற்றிப் பூட்டுவது, நட்டை இறுக்க மறப்பது எல்லாம் இங்கே எழுதவில்லை. ஒருமுறை பொறி பறந்தால் எவரும் தானாகவே திருந்திவிடுவார்கள். செய்கிறவருக்குப் பிழை என்றே தெரியாதவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

கழற்றிப் பார்க்கும் சோதனை

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்கள் ஓடிய காலத்துப் பழக்கம் இது. அவற்றில் ஓல்ரனேற்றருக்குப் பதிலாக இருந்தது டைனமோவும், அதைப் பற்றரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்அவுட்டும். எரிந்துபோக எலக்ட்ரோனிக் சாமான் எதுவும் இல்லை. அந்தக் காலப் பாஸ்மார் செய்ததைப் பார்த்துப் பார்த்து இன்றும் செய்கிறார்கள்.

வன்னியில் இந்தப் பழக்கம் ஊன்றிப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நாங்கள் கைவைத்துப் பழகியது உழவு இயந்திரங்களிலும் பழைய டீசல் லொறிகளிலும். பழைய உழவு இயந்திரத்தில் டீசல் பம்ப் எஞ்சினின் சுழற்சியிலேயே இயங்கும், ஸ்ராட் ஆன பிறகு அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஓல்ரனேற்றர் செத்தே கிடந்தாலும், வயரைக் கழற்றினால் எஞ்சின் நிற்காது. "டைனமோ நல்லாயிருக்கு" என்று சொல்லி அனுப்புவோம். இரவில் லைற் இல்லாமல் வயலிலிருந்து தள்ளிக்கொண்டு வருவார்கள்.

அதே கையோடு பெற்றோல் வானுக்கு வந்தால்?

2011இல் மாங்குளத்தில் வேலை செய்தேன். ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அண்ணை வானைக் கொண்டுவந்தார். வாடகைக்கு ஓடித்தான் குடும்பத்தைப் பார்த்தவர். லைற் மங்குகிறது என்றார். எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு நெகற்றிவைக் கழற்றினேன். ஹெட்லைற் ஒரு கணம் வெள்ளையாக மின்னியது. எஞ்சின் நின்றது, திரும்ப எடுக்கவே இல்லை. எஞ்சினின் கொம்பியூட்டர் பெட்டி போய்விட்டது. வவுனியாவில் கிடைக்காமல் கொழும்பிலிருந்து பழையது ஒன்றை எடுப்பிக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் அவருக்கு ஓட்டம் இல்லை. என் மூன்று மாதக் கூலி அந்தப் பெட்டிக்குப் போனது. கடைசியில் பார்த்தால் முதலில் இருந்த பழுது, பற்றரியின் நெகற்றிவை வாகனத்தின் உடம்போடு இணைக்கும் எர்த் வயரில் கறள் மட்டும்தான். நான் தொடும்வரை ஓல்ரனேற்றர் நன்றாகவே இருந்தது.

ஓல்ரனேற்றருக்குள் சுழலும் சுருளின் காந்தத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் ரெகுலேற்றர் வோல்ற்றை அடக்கி வைக்கிறது. அந்தக் காந்தம் சொன்னவுடன் இறங்காது, கொஞ்ச நேரம் எடுக்கும். அதுவரை வரும் மிச்சத்தை பற்றரி வாங்கிக்கொள்ளும். கனகராயன் ஆற்று வெள்ளத்தை இரணைமடுக் குளம் ஏந்திக்கொள்வதால்தானே வாய்க்காலில் அளவாகத் தண்ணீர் போகிறது? குளம் இல்லாமல் ஆற்றை நேரே வாய்க்காலுக்குள் விட்டால் வரம்பு நிற்குமா? பற்றரியைக் கழற்றினால், 14 வோல்ற் ஓடிய வயரில் ஒரு கணத்துக்கு 60, 80, சிலவேளை 100 வோல்ற் வரை ஏறும். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட், ரெகுலேற்றர், ரேடியோ, கொம்பியூட்டர் பெட்டி, எது முதலில் போகும் என்று சொல்ல முடியாது.

உழவு இயந்திரத்தில் இந்தச் சோதனை பொய் சொல்கிறது, காரில் சேதம் செய்கிறது. மலிவான ஒரு மீற்றர் ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லும் என்பதால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மீற்றரை ஓரிடத்தில் மட்டும் வைப்பது

ராத்திரி முழுக்க நின்ற பற்றரியில் 12.6 வோல்ற் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதியளவு. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேற்றரைப் பாருங்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். குறைவாகக் காட்டியவுடன் ஓல்ரனேற்றரைக் கழற்றுவதுதான் பிழை.

முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றும் சிறிய லொறி ஒன்று, வேறு இடத்தில் இரண்டு தடவை ஓல்ரனேற்றர் மாற்றிய பிறகு என்னிடம் வந்தது. ஹெட்லைற்றையும் ஃபானையும் போட்டு, எஞ்சினை 2000 சுற்றில் வைத்தேன். பற்றரியில் 12.9. ஓல்ரனேற்றரின் தடித்த வயருக்கும் அதன் உடம்புக்கும் இடையில் 14.3. அப்போ மின்சாரம் உண்டாகிறது, வழியில்தான் தொலைகிறது. மீற்றரின் ஒரு முனையை ஓல்ரனேற்றர் உடம்பிலும் மறுமுனையை பற்றரியின் நெகற்றிவிலும் வைத்தேன். 1.2 வோல்ற் காட்டியது. அங்கே 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது. பிளஸ் பக்கத்திலும் 0.3-க்குள் இருக்க வேண்டும். மீன் பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீரில் எர்த் வயரின் முனை பச்சை பூத்து உள்ளே அரித்துப் போயிருந்தது. அரை மீற்றர் வயரோடு வேலை முடிந்தது. அந்த மனிதர் இரண்டு ஓல்ரனேற்றருக்குக் காசு கொடுத்திருந்தார்.

சில புதிய ஜப்பான் கார்களில் கொம்பியூட்டரே சார்ஜைக் குறைத்துக் கூட்டும். சும்மா ஓடும்போது 12.8 காட்டினால் பயப்படாமல், லைற்றுகளைப் போட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

போன கிழமை வந்த வானில் இரண்டு இடத்திலும் 12.1. அது உண்மையிலேயே ஓல்ரனேற்றர்தான். கிரவல் தூசி அடைந்து கார்பன் பிறஷ் தேய்ந்திருந்தது. பிறஷ் மாற்றிய பிறகு தம்பியே மீற்றர் பிடித்துப் பார்த்தான், 14.2.

அக்வா, பிரியஸ்

ரொயோட்டாவின் இந்த ஹைபிரிட் கார்களில் ஓல்ரனேற்றரே கிடையாது. ஹைபிரிட் பற்றரியிலிருந்து கொன்வேட்டர் ஒன்று 12 வோல்ற் பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கிறது. ரெடி லைற் எரியும்போது அளந்து பாருங்கள். செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்காதீர்கள், ஆளைக் கொல்லும் அளவு வோல்ற் போகிறது.

பெல்ற்

ஓல்ரனேற்றரைச் சுழற்றுவது இதுதான். முதலில் இதைப் பாருங்கள்.

செத்த பற்றரியை ஓடிச் சார்ஜ் ஏற்றுவது

தள்ளி ஸ்ராட் செய்து, வவுனியா போய் வந்தால் ஏறிவிடும் என்கிறார்கள். அடியோடு இறங்கிய பற்றரி ஓல்ரனேற்றரிடம் இருப்பதையெல்லாம் இழுக்கும், டயோட்கள் சூடேறும். புது ஓல்ரனேற்றர் பூட்டிய அன்றைக்கே இப்படி ஓடினால் அது மறுபடியும் கொட்டிலுக்கு வரும். கழற்றி, சார்ஜரில் ஓர் இரவு போட்டுப் பூட்டுங்கள்.

வெல்டிங்

எஞ்சினை நிறுத்திவிட்டு, நெகற்றிவைக் கழற்றிய பிறகு மட்டும்.