புள்ளியும் கட்டமும்: சி மொழி டெர்மினல் நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காடு. கேரள எல்லையில் ஒரு தேங்காய் மண்டிக்கு பில் போடும் நிரல் எழுதினால் இந்தப் பெயர்கள் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். கொழிஞ்சாம்பாறை என்பது நாம் எண்ணினால் 7 எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் எண் தரும் யூனிகோடுபடி எண்ணினால் 14 குறியீடு. குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பில் அது 42 பைட். கட்டளைத் திரையான டெர்மினலில் பிடிக்கும் இடமோ 12 கட்டம்; ஓர் ஆங்கில எழுத்து பிடிக்கும் இடமே ஒரு கட்டம். கடைசி எண், ஒவ்வொரு குறியீட்டின் திரை அகலத்தையும் சொல்லும், கணினி அறிஞர் மார்க்கஸ் கூன் எழுதி பல நிரல்கள் எடுத்தாளும் டபிள்யூசிவிட்த் அட்டவணைப்படி வருவது. அதில் புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் அகலம் 0. கால், கொம்பு போன்ற மற்ற உயிர்க்குறிகளுக்கு 1. ஒரு பெயருக்கு நாலு கணக்கு. கீழே வரும் தவறுகளில் பாதிக்குமேல், ஒரு கணக்கு கேட்கும் இடத்தில் இன்னொன்றைக் கொடுப்பதால் வருபவை.

அதிகம் பார்ப்பது பத்தி கோணுவதுதான். சி மொழியின் அச்சிடும் செயல்கூறான பிரிண்ட்எஃப்பில் பெயருக்கு 20 இடம் ஒதுக்கினால், அந்த 20 என்பது பைட். பாலக்காடு 27 பைட், வேலந்தாவளம் 33. இரண்டுமே 20-ஐத் தாண்டியதால் நிரப்பு இடைவெளி ஒன்றுகூட விழாது. தொகை பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தவருக்கு இது கண்ணிலேயே படாது. 20 பைட்டில் வெட்டச் சொன்னால் இன்னும் மோசம்: ‘கொழிஞ்’ வரை 18 பைட், மீதி 2 பைட் ‘ச’வின் உடைந்த துண்டு. திரையில் கேள்விக்குறிப் பெட்டி வரும். 15 பைட்டில் வெட்டினால் பெட்டி வராது, ஆனால் புள்ளி போய் ‘கொழிஞ’ என்று நிற்கும். பிழையென்று எதுவும் அலறாமல் பெயர் மட்டும் மாறிவிடுவதால் இதுவே அதிக ஆபத்து.

ஒரு குறியீட்டை ஒரே எண்ணாக வைக்கும் அகல எழுத்து வகையான டபிள்யூசார்-டிக்கு மாறி, அதற்கான அச்சுச் செயல்கூறு டபிள்யூபிரிண்ட்எஃப்பில் 20 கொடுத்தால் தீருமா? தீராது. அது குறியீடுகளை எண்ணும், கட்டங்களை அல்ல. கொழிஞ்சாம்பாறை 18 கட்டத்தில் முடியும், பாலக்காடு 19-இல் முடியும். புள்ளிக்கு ஒன்று குறையும். சரியான வழி, ஒரு சரம் (எழுத்துத் தொடர்) முழுவதும் எத்தனை கட்டம் என்று சொல்லும் டபிள்யூசிஎஸ்விட்த் கொண்டு அகலத்தை அளந்து, பெயரை அச்சிட்டு, மீதி இடைவெளியைத் தனியாகப் போடுவது. இதிலும் இரண்டு குழிகள் உண்டு. சரத்தில் ஒரு டேப் இருந்தாலும் அந்தச் செயல்கூறு -1 தரும். கவனிக்காமல் 20-இலிருந்து கழித்தால் 21 வரும். பெயர் 20 கட்டத்தைத் தாண்டினால் கழித்தது எதிர்ம எண்ணாகும். நட்சத்திரக் குறி வழியே அகலம் தரும் பிரிண்ட்எஃப் அதை இடப்புற ஒழுங்காக எடுத்துக்கொண்டு, வேண்டாத இடைவெளியைக் கூடுதலாகத் தள்ளும். 0-க்குக் கீழே போனால் 0 என்று நீங்களே நிறுத்துங்கள்.

இவை எதுவும் வேலை செய்ய, மெயின் தொடங்கியதும் கணினியின் மொழி அமைப்பை நிரலுக்குள் எடுக்கும் செட்லொக்கேலை வெற்றுச் சரத்தோடு அழைத்திருக்க வேண்டும். திரையை வரையும் நூலகமான என்கர்சஸ் என்றால், அதைத் தொடக்கும் இனிட்ஸ்க்ரீனுக்கு முன்பே அழைத்து, அகல எழுத்துப் பதிப்பான என்கர்சஸ்டபிள்யூவோடு இணைக்க வேண்டும். ஒரே வெளியீட்டில் பிரிண்ட்எஃப்பையும் டபிள்யூபிரிண்ட்எஃப்பையும் கலக்காதீர்கள். முதலில் எழுதியது எதுவோ அதுவே அந்த வெளியீட்டு ஓட்டம் பைட்டுக்கா அகல எழுத்துக்கா என்பதைத் தீர்மானிக்கும், மற்றது தோற்கும்.

பைட்டுகளைக் குறியீடாக மாற்றும் எம்பிஆர்டுடபிள்யூசி பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது திருப்பித் தரும் வகை குறியற்ற எண். ஆகவே ‘0-க்குக் கீழா’ என்று சோதித்தால் விடை எப்போதும் ‘இல்லை’தான், பிழை வந்ததும் படிக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி பெருந்தொலைவு தாவி நிரல் விழும். -1-ஐயும் -2-ஐயும் அந்த எண் வகைக்கே மாற்றி, நேராக ஒப்பிடுங்கள். -1 என்றால் கெட்ட பைட்: பாதி படித்த எழுத்தை நினைவில் வைக்கும் நிலைமாறியைச் சுழியமாக்கி, ஒரு பைட் தள்ளி, பதிலிக் குறி ஒன்றைப் போட்டுத் தொடருங்கள். தள்ளாவிட்டால் சுழல் முடியவே முடியாது. -2 என்றால் எழுத்து பாதியில் நிற்கிறது, ஆனால் அந்தப் பைட்டுகளை நிலைமாறி ஏற்கெனவே விழுங்கிவிட்டது. கோப்பை அடுத்துப் படிக்கும் ரீடில் புதிதாக வந்தவற்றை மட்டும் கொடுங்கள். பழையதையும் சேர்த்துக் கொடுத்தால் நல்ல எழுத்தும் கெடும். இது எப்போதாவது நடப்பதல்ல. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். தமிழ் மட்டுமே உள்ள கோப்பை 4096 பைட்டாகப் படித்தால் 1365 குறியீடு போக 1 பைட் மிஞ்சும். முதல் தடவையே எழுத்து உடையும்.

எல்லை ஊர்களில் கூடுதலாக ஒன்று. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும். சரங்களை ஒப்பிடும் ஸ்ட்ர்கம்ப் இரண்டும் வேறு என்னும், அகலமும் 12-க்குப் பதில் 13 வரும். சேமிக்கும் முன், பிரித்தெழுதிய குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். உயிரில்லாமல் தனித்து நிற்கும் மெய்யான மலையாளச் சில்லெழுத்துக்கு அதுவும் போதாது. 2008-இல் வந்த யூனிகோடு 5.1 சில்லுகளுக்குத் தனிக் குறியீடு தந்தது. பழைய கோப்புகளில் மெய், சந்திரக்கலை (மலையாளத்தின் புள்ளி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பி என மூன்று குறியீடு, 9 பைட். இந்த இரண்டையும் என்எஃப்சி ஒன்றாக்காது. மலையாளப் பெயர் தேடலில் வராமல் போனால் முதலில் இங்கே பாருங்கள். மாற்று அட்டவணையை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும்.

பேக்ஸ்பேஸுக்கு ஒரு பைட்டை மட்டும் அழிப்பது பழைய பிழை. யூடிஎஃப்-8-இல் 128 முதல் 191 வரை மதிப்புள்ளவை, முதல் பைட்டுக்குப் பின் வரும் தொடர் பைட்டுகள். அவற்றைக் கடந்து முதல் பைட் வரை பின்னால் போங்கள், பிறகு வரி முழுவதையும் மறுபடி வரையுங்கள். புள்ளியை அழித்ததற்குக் கர்சரை ஒரு கட்டம் நகர்த்தினால் பக்கத்து எழுத்து போய்விடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கோணலாம், ஏனெனில் தமிழ் எழுத்தின் அகலத்தில் டெர்மினல்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அதற்கு இடைவெளியை நம்பாமல், தொகையை எழுதும் முன் எஸ்கேப், இடச் சதுர அடைப்பு, 25, பெரிய ஜி அனுப்புங்கள். பெயர் எவ்வளவு இடம் பிடித்திருந்தாலும் கர்சர் 25-ஆம் கட்டத்துக்குப் போய் நிற்கும். வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று இஸ்அட்டியில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கோப்புக்குப் போனால் அந்தக் குறிகள் பில்லின் நடுவே அப்படியே பதிந்துவிடும்.