கைடு தேடும்போது எச்-இன்டெக்ஸில் வழுக்கி விழாதீர்கள்

பிஎச்.டி.க்குக் கைடு தேடும் நேரம் வந்துவிட்டால், கிண்டி முதல் தரமணி வரை மாணவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். பேராசிரியரின் பெயரை கூகுள் ஸ்காலரில் தட்டுவார்கள். மொத்த சைட்டேஷனும் (பிறர் தங்கள் பேப்பர்களில் இவருடைய பேப்பர்களை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை) அதிலிருந்து கணக்கிடும் எச்-இன்டெக்ஸும் கண்ணில் படும். இன்டெக்ஸ் 38 என்றால் பெரிய ஆள், 12 என்றால் வேண்டாம். செல் உயிரியலில் இப்படி முடிவெடுத்தால் நல்ல லேப் கைநழுவிப் போகலாம். பொருந்தாத லேபில் ஐந்து வருடம் மாட்டிக்கொள்ளவும் நேரலாம்.

அந்த எண் அவருடையதுதானா என்பதையே பலர் பார்ப்பதில்லை. நமக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சான்றிதழில் எஸ். லட்சுமியாக இருப்பவர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகி லட்சுமி சுப்பிரமணியன் ஆவார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த பேப்பரில் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்கோபஸ் என்ற ஆய்வுப் பேப்பர் தரவுத்தளம் இவரை மூன்று ஆட்களாகப் பிரித்து வைத்திருக்கலாம். கூகுள் ஸ்காலரில் இதற்கு நேர்மாறாக, வேறு ஏதோ துறையில் இருக்கும் இன்னொரு எஸ். லட்சுமியின் பேப்பர்கள் இவர் கணக்கில் சேர்ந்திருக்கலாம். 2012 முதல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இருப்பது இந்தக் குழப்பத்துக்காகத்தான். துறைப் பக்கத்தில் அந்த எண் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். ஒருவருக்கு கூகுள் எண்ணும் இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண்ணும் எடுத்து ஒப்பிடவும் வேண்டாம். கூகுள் ஆய்வேடு, ப்ரீபிரின்ட் (ஜர்னலின் மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடும் பேப்பர்) எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும்.

எச்-இன்டெக்ஸ் 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. 20 பேப்பர்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை சைட் ஆகியிருந்தால் இன்டெக்ஸ் 20. இது ஏறுமே தவிர இறங்காது. முப்பது வருடம் சர்வீஸ் போட்டவரையும் ஆறு வருடத்துக்கு முன் லேப் தொடங்கியவரையும் இதை வைத்து எடைபோடுவது அநியாயம். இன்னொன்று, பேப்பரில் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது இதற்குத் தெரியாது. செல் உயிரியலில் பொதுவாக முதல் பெயர் பெஞ்சில் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் லேப் தலைவருடையது. நடுவில் இருப்பவர் ஆன்டிபாடி கொடுத்தவராக இருக்கலாம், ஒரே ஒரு கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் படம் எடுத்துத் தந்தவராகவும் இருக்கலாம். ஆகவே பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பட்டியலில் உள்ள பேப்பர்களில் எத்தனையில் அவர் கடைசிப் பெயர், எத்தனையில் கரஸ்பாண்டிங் ஆத்தர் (பேப்பர் பற்றிய தொடர்புக்குப் பொறுப்பானவர்) என்று குறியுங்கள். மொத்தம் தொண்ணூறு இருந்தும் இது நான்குதான் வருகிறதென்றால் அது வேறு கதை.

என்ன வகைப் பேப்பர் என்பதும் முக்கியம். ஒரு துறையில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூக்கள் எளிதில் சைட் ஆகும். சில செய்முறைப் பேப்பர்கள் அதைவிட அதிகமாக ஆகும். பயோகெமிஸ்ட்ரி பிராக்டிகலில் நீல நிறம் வரக் காத்திருந்து புரோட்டீன் அளந்தீர்களே, அந்த லோரி முறையின் 1951 பேப்பர் மூன்று லட்சத்துக்கு மேல் சைட் ஆகியிருக்கிறது. ஆட்டோஃபேஜியை (செல் தன் சொந்தப் பாகங்களையே சிதைத்து மறுபயன்படுத்துவதை) ஆராய்வதற்கான வழிகாட்டிப் பேப்பரின் 2016 பதிப்பில் 2,000-க்கு மேற்பட்ட பெயர்கள். அதில் இருக்கும் எல்லோருக்கும் ஆயிரக்கணக்கில் சைட்டேஷன். இதில் யார் மீதும் குற்றமில்லை, ஆனால் கூட்டிப் பார்க்கும்போது அந்த ஒன்றைத் தள்ளிவைத்துப் பாருங்கள்.

இம்பாக்ட் ஃபாக்டர் என்பது ஒரு ஜர்னலின் பேப்பர்கள் பெறும் சைட்டேஷனின் சராசரிதான், அதில் வந்த பேப்பரின் மார்க் அல்ல. சில பேப்பர்கள் குவிக்கும் சைட்டேஷனிலேயே அந்தச் சராசரி தூக்கி நிற்கும். இதே ஆட்டோஃபேஜிக்காக 2016-இல் நோபல் பெற்ற ஓசுமி, ஈஸ்ட் மியூட்டன்ட்களைப் பற்றிய தன் முக்கியமான 1993 பேப்பரை வெளியிட்டது ஃபெப்ஸ் லெட்டர்ஸில். ‘நேச்சர்’, ‘செல்’ போன்ற பெரிய பெயர் அல்ல அது. ஜர்னல் பெயரை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்ற டோரா பிரகடனம் உருவானதும் 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க செல் உயிரியல் சங்கக் கூட்டத்தில்தான்.

கல்லூரி வாசல் ஃபிளெக்ஸில் ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி’ என்று படம் போட்டிருந்தால், எந்தப் பட்டியல் என்று கேளுங்கள். வாழ்நாள் பணிக்கு ஒன்று, ஒரு வருடச் சைட்டேஷனுக்கு ஒன்று என இரண்டு இருக்கின்றன. ஃபிளெக்ஸ் அதைச் சொல்லாது.

பலர் கோட்டை விடும் இடம் படங்கள். 2016-இல் எலிசபெத் பிக்கும் உடன் ஆய்வாளர்களும் 20,621 உயிர்மருத்துவப் பேப்பர்களைப் பார்த்ததில் 3.8 சதவீதத்தில் சிக்கலான படங்கள் இருந்தன. புரோட்டீனைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையின் ஒரே பட்டை திருப்பிப் போடப்பட்டு இன்னொரு புரோட்டீனாக நிற்கும். சைட்டேஷன் எண்ணில் இது தெரியாது. ரிட்ராக்ட் ஆன, அதாவது ஜர்னல் திரும்பப் பெற்ற பேப்பரும் தொடர்ந்து சைட் ஆகும். வெளியான பேப்பர்கள் மீது யாரும் கருத்துச் சொல்லும் பப்பியர் என்ற இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். அங்கே வரும் கருத்து தீர்ப்பல்ல. அதற்கு லேப் என்ன பதில் சொன்னது, திருத்தம் வந்ததா என்பதைப் படியுங்கள்.

கடைசியாக, சமீபத்திய பேப்பர்களின் முதல் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் அந்த லேபின் மாணவர்கள்தான். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து, ஒருவருக்காவது போன் போட்டு, “அக்கா, சேர்ந்து எத்தனை வருஷம் கழிச்சு உங்க முதல் பேப்பர் வந்துச்சு?” என்று கேளுங்கள்.