கடலோரத்து கியர் சைக்கிளுக்குப் பின் டீரெய்லர் மாற்றும் முறை

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஓடும் கியர் சைக்கிளில் கியர் சரியாக விழவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. உப்புக் காற்று அவுட்டருக்குள், அதாவது கேபிளின் மேலுறைக்குள், நுழைந்து உள்கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பின்சக்கரத்தின் சின்ன பல்லிலிருந்து (பல்சக்கரத்திலிருந்து) பெரிய பல்லுக்குச் செயின் ஏறுகிறது, ஆனால் திரும்பி இறங்கத் தயங்குகிறது என்றால் கேபிள் உள்ளே உரசுகிறது என்று அர்த்தம். ஏற்றுவது உங்கள் கை, இறக்குவது டீரெய்லரின், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின்பக்கக் கருவியின், ஸ்பிரிங் மட்டுமே. அந்த ஸ்பிரிங்கால் துருவை வெல்ல முடியாது. கேபிளும் அவுட்டரும் மாற்றினாலே பாதி சைக்கிள்கள் சரியாகிவிடும்.

டீரெய்லரே போய்விட்டதா என்று பார்க்க, அதன் கூண்டின் (செயின் சுற்றிப் போகும் இரண்டு சிறு ஜாக்கி வீல்களைத் தாங்கும் பகுதியின்) அடிமுனையைப் பிடித்துச் சக்கரத்தை நோக்கியும் வெளியேயும் ஆட்டுங்கள். மூட்டுகளில் தளர்ச்சி தெரிந்து, கூண்டு தாராளமாக ஆடினால் எந்த டியூனிங்கும் நிற்காது. கூண்டு வளைந்திருந்தாலும், ஜாக்கி வீல் பற்கள் தேய்ந்து ஊசிபோல் ஆகியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

வாங்குவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். மாட்டும் விதம் இரண்டு உண்டு. ஒன்று, ஃபிரேமின் பின்முனையில் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கரின் மரையில் நேராக முறுக்கும் போல்ட் வகை. இன்னொன்று, இரும்புத் தகடு ஒன்றைப் பின் ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் வகை. மரையுள்ள ஹேங்கர் இல்லாத மலிவு ஃபிரேம்களில் இதுதான் இருக்கும். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது நல்லது.

அடுத்தது பல் கணக்கு. முன்னால் மூன்று வட்டுகளில் 42-34-24 பற்கள், பின்னால் சின்னதில் 14, பெரியதில் 28 பற்கள் என்று வையுங்கள். முன் வித்தியாசம் 18, பின் வித்தியாசம் 14, கூட்டினால் 32. புது டீரெய்லரின் கொள்ளளவு (அது சமாளிக்கும் மொத்தப் பல் வித்தியாசம்) அதற்குக் குறையக் கூடாது. பின்னால் 14-34 இருந்தால் அதே கணக்கு 38 ஆகும். ஷிமானோ டூர்னி டிஒய்300 பெரிய பல் 34 வரைக்கும், மொத்தம் 43 வரைக்கும் தாங்கும். 21 கியர் சைக்கிள்களுக்கு அது போதும். ஷிமானோவில் 6 முதல் 9 ஸ்பீடு (பின்னால் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை) வரையிலான மலை சைக்கிள் டீரெய்லர்கள் ஒரே அளவு கேபிள் இழுப்பில் நகர்பவை, ஆகவே ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். 10 ஸ்பீடு மலை சைக்கிள் டீரெய்லரை 7 ஸ்பீடு ஷிஃப்டரோடு (கைப்பிடியில் கியர் மாற்றும் விசையோடு) சேர்க்காதீர்கள்.

இதோடு 1.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் உள்கேபிளும், கியருக்கான 4 மி.மீ. அவுட்டரும், நுனி மூடிகளும் வாங்குங்கள். பிரேக் அவுட்டர் வேண்டாம். அதனுள்ளே கம்பி சுருளாக இருப்பதால் அழுத்தும்போது நீளம் மாறும், கியர் ஒரு இடத்தில் நிற்காது. கருவி என்று பார்த்தால் அலன் கீ செட், நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், கேபிள் கட்டர், கொஞ்சம் கிரீஸ். ஆக்சில் தகடு வகைக்குக் கூடவே பின் ஆக்சில் நட்டுக்கான ஸ்பேனர், பெரும்பாலும் 15 மி.மீ. சாதாரண குறடால் கேபிளை வெட்டினால் இழை பிரிந்துவிடும்.

ஷிஃப்டரைக் கடைசி எண்ணுக்குக் கொண்டுவந்து செயினைச் சின்ன பல்லில் விடுங்கள். கேபிள் போல்ட்டைத் தளர்த்திக் கேபிளை உருவுங்கள். செயினில் இணைப்பு லிங்க் இருந்தால் அதைக் கழற்றலாம். இல்லாவிட்டால் செயினை வெட்ட வேண்டாம், கூண்டின் கீழ் ஜாக்கி வீல் போல்ட்டைக் கழற்றினால் கூண்டு திறந்து செயின் வெளியே வரும். மேல் வீலையும் கீழ் வீலையும் மாற்றிப் போடாதீர்கள். மேல் வீல் பக்கவாட்டில் லேசாக நகரும்படி செய்யப்பட்டிருக்கும். கழற்றிய கையோடு செயினை அளந்துவிடுங்கள். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 அங்குலத்துக்கு மேல் கால் அங்குலத்தில் பாதி நீண்டிருந்தால் பல்லையும் தேய்த்திருக்கும்.

இப்போது ஹேங்கர். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால் அது உள்ளே வளைந்திருக்கும். வளைந்த ஹேங்கரில் எவ்வளவு நல்ல டீரெய்லர் மாட்டினாலும் இரண்டு கியர் சரியாக விழும், மூன்றாவது சத்தம் போடும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. குயிக் ரிலீஸ் (நட்டு இல்லாமல் நெம்புகோலால் கழற்றும் வகை) உள்ள வேறொரு பின்சக்கரத்தின் ஆக்சிலும் ஹேங்கரும் ஒரே மரை: 10 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. குயிக் ரிலீஸ் கம்பியை உருவிவிட்டு அந்தச் சக்கரத்தை ஹேங்கரில் முறுக்கினால் இரண்டு சக்கரமும் இணையாக நிற்க வேண்டும். மேலே, கீழே, பின்னே என்று இடைவெளியை அளந்து பாருங்கள். முன்சக்கர ஆக்சில் 9 மி.மீ., அது ஆகாது. இரும்பு ஹேங்கரை மெதுவாக நிமிர்த்தலாம். அலுமினிய ஹேங்கர் திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும், தனியாகக் கழலும் வகையானால் புதிது போடுங்கள்.

புது டீரெய்லரின் போல்ட்டில் கிரீஸ் தடவுங்கள். துருவும் உப்பும் சேர்ந்து போல்ட்டை இறுக்கிவிட்டால் அடுத்த முறை கழற்ற முடியாது. முதலில் போல்ட்டை இடப்பக்கமாகச் சுற்றி, மரை 'டக்' என்று உட்கார்ந்ததும் வலப்பக்கம் முறுக்குங்கள். கையால் நான்கு சுற்று சுலபமாகப் போகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அலுமினியத்தில் மரை போனால் ஃபிரேமுக்கே சிக்கல். டீரெய்லரின் பின்பக்கக் கொக்கி ஹேங்கரின் படிக்குப் பின்னால் நிற்கிறதா என்று பார்த்தபிறகே இறுக்குங்கள், 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். செயினைக் கோர்க்கும்போது மேல் வீலுக்கு முன்னாலும் கீழ் வீலுக்குப் பின்னாலும் விடுங்கள். கூண்டின் நடுவில் ஒரு சிறிய நாக்கு இருக்கும். செயின் அதன் தப்பான பக்கத்தில் போனால் கரகரவென்று அரைக்கும்.

கேபிள் மாட்டும் முன்பே, டீரெய்லர் வெளியே போகும் எல்லையை நிறுத்தும் எச் (H) திருகைச் சரிசெய்யுங்கள். பெடலைச் சுற்றிக்கொண்டே, மேல் வீல் சின்ன பல்லின் வெளி விளிம்புக்கு நேர்கீழே வருமாறு வையுங்கள். பிறகு கையால் டீரெய்லரை உள்ளே தள்ளி, பெரிய பல்லுக்கு நேர்கீழே நிற்குமாறு, உள்ளே போகும் எல்லையை நிறுத்தும் எல் (L) திருகை வையுங்கள். இதில் சோம்பல் கூடாது. எல் தளர்வாக இருந்தால் செயின் ஸ்போக்குக்குள் விழும், டீரெய்லரும் ஸ்போக்கும் ஒன்றாகப் போகும். நம் ஊர் சமதரை, பெரிய பல்லைத் தொடுவதே அபூர்வம் என்பதால் இந்தத் தவறு மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்து, கடலூர் அருகே கேப்பர் மலைச் செம்மண் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது மாட்டிவிடும்.

அவுட்டரை நேராக வெட்டி, உள்ளே நசுங்கிய குழாயை ஊசியால் விரித்து, மூடி போடுங்கள். டீரெய்லருக்குள் நுழையும் இடத்தில் அவுட்டரின் பின்வளைவு குட்டையாக இருந்தால் கேபிள் மடங்கும், நீளமாக இருந்தால் உரசும். கேபிள் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே விடுங்கள். கேபிளை இழுத்துப் பிடித்து, போல்ட்டின் கீழுள்ள பள்ளத்தில் வைத்து இறுக்குங்கள். பள்ளத்தை விட்டு மறுபக்கம் போனால் இழுப்பின் அளவே மாறிவிடும், ஒரு கியரும் பொருந்தாது.

ஷிஃப்டரை ஒரு தடவை தட்டினால் செயின் இரண்டாவது சின்ன பல்லுக்கு ஏற வேண்டும். ஏறத் தயங்கினால் அட்ஜஸ்டரை இடஞ்சுழியாகக் கால் சுற்று. மூன்றாவது பல்லை உரசினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. பெரிய பல்லில் மேல் வீலுக்கும் பல்லுக்கும் 5, 6 மி.மீ. இடைவெளி இருக்கும்படி பின்னால் உள்ள பி (B) திருகை வையுங்கள்.

கடற்கரை மணலில் ஓட்டி வந்த நாளில் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, மூட்டுகளில் மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். பழைய எஞ்சின் ஆயில் வேண்டாம். மணலைப் பிடித்து அரம் போல அராவும். புது கேபிளும் அவுட்டரும் தம் இடத்தில் அமர்ந்து கொஞ்சம் தளரும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒருமுறை போய் வந்தாலே அது தெரியும். அப்போது அட்ஜஸ்டரை அரைச் சுற்று இடஞ்சுழியாகத் திருகினால் போதும், திருகுகளைத் தொட வேண்டாம்.