மாடல், வியூ, கண்ட்ரோலர்: நிரலை எந்த இடத்தில் பிரிப்பது?

ஒரு பட்டனின் கிளிக் ஃபங்ஷனுக்குள்ளேயே டேட்டாபேஸ் குவெரி, கணக்கு, எழுத்தைச் சிவப்பாக்குவது என்று எல்லாம் கலந்து கிடக்கிறதா? மூன்றாகப் பிரித்துவிடலாம்: தரவும் அதன் விதிகளும் மாடல், திரையில் காட்டுவது வியூ, பயனர் செய்வதை வாங்கி இரண்டையும் இணைப்பது கண்ட்ரோலர். ஆனால் மூன்று ஃபோல்டர் போட்டு ஃபைல்களை அதற்குள் தள்ளினால் மட்டும் எதுவும் பிரிந்துவிடாது. 1979இல் ஜெராக்ஸ் பார்க் (PARC) ஆராய்ச்சி மையத்தில், ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியில் எழுதும் நிரல்களுக்காக டிரிக்வே ரீன்ஸ்கவ்க் இந்த அமைப்பை முன்வைத்தார். ஒரே தகவலை ஒரே சமயத்தில் பல விதமாகக் காட்ட வேண்டியிருக்கும்போது இதன் அருமை நன்றாகவே தெரியும்.

முதலில் மாடல். செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேலையின் பெயர், கெடு தேதி, முடிந்ததா இல்லையா, இவ்வளவுதான் தரவு. இதற்கு ஒரு கிளாஸ் எழுதி, அதில் சேர்ப்பது, முடிப்பது, மீதி எத்தனை என்று சொல்வது ஆகியவற்றை வையுங்கள். திரை சம்பந்தப்பட்ட எதையும் இந்த ஃபைலில் இம்போர்ட் செய்யக் கூடாது. அப்புறம் டெர்மினலில் அதைத் தனியாக ஓட்டி, இரண்டு வேலை சேர்த்து ஒன்றை முடித்தால் மீதி 1 என்று வருகிறதா பாருங்கள். திரை இல்லாமல் ஓட மறுத்தால் எங்கோ ஒரு இழை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது, மீதியை எண்ணுவதற்குத் திரையில் டிக் ஆகாத செக்பாக்ஸ்களை எண்ணுகிற வரியாக இருக்கும்.

குழப்பம் வருவது இங்கேதான்: கெடு தாண்டிய வேலையைச் சிவப்பில் காட்ட வேண்டும், அந்த வரி எங்கே போகும்? இரண்டாக உடையுங்கள். கெடு தாண்டியதா என்று தீர்மானிப்பது மாடல், ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லும். அதற்குச் சிவப்பா, தடித்த எழுத்தா என்பது வியூவின் பாடு. மாறாக, வியூவிலேயே இன்றைய தேதியோடு ஒப்பிட்டால், நாளைக்கு மொபைல் திரை ஒன்று சேர்க்கும்போது அதே ஒப்பீட்டை அங்கேயும் எழுத வேண்டிவரும், பிறகு இரண்டும் வெவ்வேறு பதில் சொல்லும்.

கண்ட்ரோலர் ஒல்லியாக இருக்கட்டும். பயனர் தட்டியதை வாங்கி, மாடலின் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, எந்தத் திரை என்று முடிவு செய்தால் போதும். வெற்றுப் பெயரை ஏற்கக் கூடாது என்ற விதிகூட மாடலுக்குத்தான். கண்ட்ரோலரில் மட்டும் தடுத்தால், ஃபைலிலிருந்து வேலைகளை மொத்தமாக ஏற்றும்போது வெற்றுப் பெயர்கள் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். வலைத்தளம் கட்ட உதவும் பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் வியூ என்பது ஏறக்குறைய கண்ட்ரோலர் வேலையைத்தான் செய்கிறது, காட்டும் பொறுப்பு டெம்ப்ளேட்டுக்கு. சரி, ஒரு தடவை ஓட்டித் தூக்கிப்போடும் ஸ்கிரிப்டுக்கும் இதெல்லாம் வேண்டுமா என்றால், வேண்டாம், ஒரே ஃபைலில் எழுதி முடித்துவிட்டுப் போங்கள்.