சால் மரமும் போடா காளானும்: ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் பருவமழை இறங்கியதும் சந்தைக்கு 'போடா' வந்துவிடும். ஜார்க்கண்டில் இதை ருக்ரா என்பார்கள். சால் மரத்தடி மண்ணைக் கிளறி எடுக்கும், நெல்லிக்காய் அளவுள்ள உருண்டைக் காளான் இது. மரத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் அளவிலிருந்தே தொடங்குகிறார்கள்: மரம் பெரிது, காளான் சிறிது. தவறு அங்கேயே ஆரம்பமாகிறது.

நம் கைக்கு வருவது பூஞ்சையின் காய் மட்டுமே. உடல் மண்ணுக்குள் இழை இழையாகப் பரவிக் கிடக்கிறது. எனவே போடாவை, ஜூன் வாக்கில் ஐந்து இறகுகளோடு சுழன்று விழும் சால் காயோடு ஒப்பிடுங்கள். மரத்துக்கு இணை அந்த இழைப்பரப்புதான். அமெரிக்காவின் ஓரிகான் காட்டில் ஆர்மில்லேரியா இனத்தின் ஒரே பூஞ்சை 9 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருக்கிறது.

காளானைச் செடி வகையில் சேர்ப்பது இன்னும் போகாத பழக்கம். 1969-இலேயே அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் பூஞ்சைகளுக்குத் தனி உலகம் வகுத்துவிட்டார். பச்சையம் கிடையாது. சால் கட்டைக்கு வலு தருபவை செல்லுலோஸும் லிக்னினும். காளானின் செல்சுவரில் இருப்பதோ நண்டு ஓட்டில் உள்ள கைட்டின்.

என்னை அதிகம் வருத்துவது, பூஞ்சை என்றாலே மரத்துக்குப் பகை என்ற எண்ணம். கட்டையை உளுக்கச் செய்யும் பூஞ்சைகள் உண்டு, மறுக்கவில்லை. போடா அந்த ரகமல்ல. அதன் இழைகள் சால் வேரின் நுனியை உறைபோல் போர்த்தி, வேர்ச் செல்களின் இடுக்குகளில் மட்டும் நுழைகின்றன, செல்லுக்குள் போவதில்லை. மண்ணிலுள்ள பாஸ்பரஸையும் நீரையும் மரத்துக்குக் கொடுத்து, இலையில் உண்டாகும் சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் சிப்பிக் காளான்போல இதை வைக்கோலில் வளர்க்க முடிவதில்லை. உயிருள்ள வேர் வேண்டும். சால் காட்டை வெட்டினால் போடாவும் போய்விடும்.

இதை வைத்து எல்லா வெப்பமண்டல மரங்களும் இப்படித்தான் என்று எழுதிவிடாதீர்கள். தேக்கின் வேரிலும் கூட்டாளிப் பூஞ்சை உண்டு. ஆனால் அது செல்லுக்குள்ளேயே புகும் வேறு வகை. தரைக்கு மேல் குடைக்காளான் எதையும் விடாது.

படத்தைப் பார்த்து அடையாளம் கண்டு சமைப்பது மிக ஆபத்தான தவறு. இளம் போடா உள்ளே வெள்ளையாக இருக்கும். ஸ்கிளிரோடெர்மா என்ற நச்சுக் காளானும் உருண்டைதான், இளசில் உள்ளே வெளுப்புதான். பழகிய காட்டுவாசிகள் பக்கத்தில் இல்லாமல் பறித்துச் சாப்பிட வேண்டாம்.